ராணி காசும் கப்புராளையும்

முத்துபண்டாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். நல்ல மனிதர். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்தினித் தெய்வத்தின் தேவாலயத்துக்கு எதிரே பூத்தட்டும் தேத்தண்ணியும் விற்றுக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டியவன் நான். அங்கே பூசாரியாக இருக்கும் கப்புராளை முத்துபண்டாவின் நல்லதனத்தை தினமும் காலையில் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெய் போத்தலில் மிஞ்சினால், அதை மூடி, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்புவார். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஊரில் சண்டை வந்தால் போலீசுக்குப் போவதற்கு முன் அவரிடம் வருவார்கள். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லமாட்டார். வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தேவாலயம் அவருக்குத் தகப்பன் வழியில் வந்தது. வயலும் வந்தது. ஆனால் விவசாயத்தில் அவர் சுத்த மோசம். களை பிடுங்கச் சொன்னால் நாற்றையும் சேர்த்துப் பிடுங்குவார். இழவு வீட்டுச் சோறு தின்னமாட்டார், மீன் தொடமாட்டார், ஒருவரையும் ஏசமாட்டார். மற்ற நேரம் மெலிதாகத்தான் பேசுவார். தெய்வத்தின் முன்னால் நின்று யாருக்காவது மன்றாடத் தொடங்கினால் மட்டும் குரல் மாறும். பாதையில் போகிற லொறிக்காரன்கூட வேகத்தைக் குறைப்பான். அந்தக் குரலைக் கேட்டால் நானே கைவேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன், பொய் சொல்லக்கூடாது.

எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து, தேவாலயத்து நாகமரத்தைச் சுற்றியிருக்கும் கம்பியில் கட்டவேண்டும். கேட்டது நடந்ததும், கட்டியவர் கையாலேயே அவிழ்க்கவேண்டும். கட்டிய அதே காசைப் பாலில் கழுவிப் பத்தினித் தாயின் காலடியில் வைக்கவேண்டும். வேறு காசு வைத்தால் நேர்த்தி தீராது. கம்பி முழுக்க முடிச்சுகள், மழையிலும் புகையிலும் கறுத்துப்போய்த் தொங்கும். எது யாருடையது என்று எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. எல்லாம் கப்புராளைக்கு மனப்பாடம்.

ஹீன் மெனிக்கே அவருடைய முடிச்சுக்காரிகளில் ஒருத்தி. புருசன் இல்லாதவள், இரண்டு துண்டு வயல், ஒரே மகள். மகள் பியசீலி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போன மறு வருடம் அங்கே யுத்தம் வெடித்தது. அந்த வாரம் ஹீன் மெனிக்கே வாய்க்காலுக்கு வரம்பு கட்டும்போது மண்வெட்டியில் டங்கென்று ஒரு தம்பதெனிக் காசு பட்டது. எங்கள் பக்கத்து வயலில் அது அதிசயமில்லை. பழைய ராஜாக்கள் போட்ட செப்புக் காசு, ஒரு பக்கம் ராஜா நிற்பார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பார். கம்பியை வளைத்துச் செய்தது போலக் கையும் காலும். உட்கார்ந்திருக்கிறவருக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர் இருக்கும், அதை ஊரில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வயலில் கிடைத்ததைப் பிள்ளைகள் சில்லு விளையாடிவிட்டு எங்கேயாவது எறிந்துவிடும்.

இவள் அதை விகாரைக்குக் கொண்டுபோனாள். இளைய பிக்கு சமஸ்கிருதம் படித்தவர். துடைத்துப் பார்த்துவிட்டு வாசித்தார்: ஸ்ரீ ராஜ லீலாவதி. பொலன்னறுவையில் மூன்று தரம் சிம்மாசனம் ஏறிய ராணி. ராணிக்கென்று தனி உருவம் போடவில்லை, அதே கம்பி ஆள்தான், பெயர் மட்டும் அவளுடையது.

ஹீன் மெனிக்கே விகாரையிலிருந்து ஓட்டமும் நடையுமாக நேரே என் கடைக்கு வந்தாள்.

"பாத்தியா? பொம்பளைக் காசு! என்ட பிள்ளைக்காகத்தான் மண்ணுக்குள்ள இருந்து வந்திருக்கு. பொம்பளைப் பிள்ளைக்காகப் பொம்பளைத் தெய்வத்துக்கிட்டப் பொம்பளைக் காசு கட்டப்போறேன். தாய் தட்டமாட்டா."

"தாய் தட்டமாட்டா அக்கே. என்ட தேத்தண்ணிக்கு மட்டும் காசு தராமப் போயிடாதீங்க, எனக்கு ஆம்பளைக் காசும் பரவாயில்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முத்துபண்டா அவள் கையாலேயே கட்டவைத்தார். அன்று அவர் மன்றாடியதைக் கேட்டு நான் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

ராணி காசுக் கதை ஊரெல்லாம் பரவியது. கண்டியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கிளாரன்ஸ் முதலாளி காதுக்கும் எப்படியோ எட்டிவிட்டது. ஒருநாள் வந்தார். தங்கப் பல், வெள்ளைச் சப்பாத்து. என் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, நாகமரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்துபோனார். கப்புராளையோடு மடப்பள்ளிப் பக்கம் நின்று கதைத்தார். நான் தட்டுகளுக்குத் தாமரை அடுக்கிக்கொண்டிருந்தேன், பெரிதாகக் கவனிக்கவில்லை. யாராவது வந்து முத்துபண்டாவோடு கதைப்பது ஒரு செய்தியா?

அடுத்த வாரம் முத்துபண்டா புதுக் குடையோடு வந்தார். பொத்தானை அமுக்கினால் படாரென்று விரிகிற குடை, நாரம்மலை டவுன் கடைகளில் அப்போதுதான் வந்திருந்தது. சிறு பிள்ளை மாதிரி என் முன்னால் நின்று இரண்டு தரம் விரித்துக் காட்டினார். அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

குவைத்தில் அகப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பாலைவனம் தாண்டி, யோர்தானில் கூடாரத்தில் கிடந்து, உடுத்த துணியோடு விமானம் ஏறி வந்தார்கள். பக்கத்து ஊருக்கு இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் ஊருக்கும் ஒருத்தி வந்தாள். பியசீலி வரவில்லை, கடிதமும் இல்லை. யுத்தம் முடிந்தும் இல்லை. ஹீன் மெனிக்கே தினமும் வந்து தன் முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தபால்காரனுக்காகப் பாதையைப் பார்ப்பாள்.

கப்புராளை மாறிப்போனது அந்த நாட்களில்தான். ஹீன் மெனிக்கேயின் தலை தெரிந்தால் உள்ளே போய்விடுவார். அவள் போனதும் வெளியே வந்து என்னிடம் "கடிதம் வந்திச்சாமா?" என்று கேட்பார். அடை மழையில் வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். குடை எங்கே என்று கேட்டேன். "பழுதாப்போச்சு மல்லி" என்றார், தம்பி முறை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மனைவியோ, குடை நல்லாத்தான் இருக்கிறது, அதைப் பரணில் ஏற்றிவிட்டார், கேட்டால் முறைக்கிறார் என்று என் மனைவியிடம் அழுதாள். வயதானால் சிலருக்கு இப்படிப் பித்துப் பிடிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழித்து, வெசாக் பண்டிகை முடிந்த கையோடு, பியசீலி வந்துவிட்டாள். எலும்பும் தோலும்தான். வேலை செய்த வீட்டுக்காரர்கள் அவளைப் பூட்டிவிட்டுப் போனதும், வேறொரு வீட்டுக்குக் கைமாற்றியதும், அங்கே கடதாசியும் பேனையும் தராததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வந்தவள் யார் கேட்டாலும் ஒரு வரிக்கு மேல் சொல்லமாட்டாள். ஆனால் கண் கூர்மையாகி வந்திருந்தது. என் கடையில் சீனியைக் குறைத்துப் போட்டால் அதே இடத்தில் கேட்டுவிடுவாள்.

கொஞ்சம் சதை பிடித்ததும் ஒரு சம்பந்தம் வந்தது. நாரம்மலையில் தச்சு வேலை செய்யும் அபேரத்ன, மனைவியை இழந்தவர், நல்ல குணம். வயது முப்பது தாண்டிய, வெளிநாட்டில் இருந்து வந்த பெண்ணுக்கு இங்கே என்னென்ன கதை கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை எதையும் காதில் போடாமல் வந்து கேட்ட மனிதர் அவர். பியசீலிக்கும் பிடித்துவிட்டது. அவர் பெயர் வந்தால் பேச்சை மாற்றுவதிலேயே தெரிந்தது.

கலியாணத்துக்கு முதல் நேர்த்தியைத் தீர்க்கவேண்டும். ஹீன் மெனிக்கே பாற்சோறு, கொண்டைப்பணியாரம், கோழிக்கூட்டு வாழைப்பழம் எல்லாம் சுமந்துகொண்டு வந்தாள். ஊரே வந்தது. காசை வாசித்தவர் என்பதால் இளைய பிக்குவையும் அழைத்திருந்தாள். முத்துபண்டாவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள், காசைப் பாலில் கழுவினாள். வைப்பதற்கு முன் பிக்குவிடம் நீட்டி, "இன்னொரு தரம் அந்தப் பேரைச் சொல்லுங்க ஹாமதுருவே, பிள்ளைக்குக் கேக்கட்டும்" என்றாள்.

பிக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது லீலாவதி இல்லயே. பராக்கிரமபாகு ராஜாட பேர்தானே இருக்கு."

ஹீன் மெனிக்கே காசை வாங்கி விளிம்பைத் தடவினாள். அவளுடைய காசில் மண்வெட்டி பட்ட வெட்டு ஒன்று உண்டு. இதில் இல்லை. யாராவது மாற்றியிருப்பார்கள் என்ற யோசனை அங்கே ஒருவருக்கும் வரவில்லை. தாயின் கம்பியில், முத்துபண்டாவின் கண் முன்னால், யார் கை வைப்பார்கள்? அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ராணியைக் கட்டினேன். தாய் ராஜாவைத் திருப்பித் தந்திருக்கா" என்றாள். "பிள்ளையை உயிரோட தந்தா. ஆனா ஒரு ஆம்பளை கையில குடுத்தா திருப்பி எடுத்துடுவேன்னு சொல்றா. விளங்கலயா உங்களுக்கு?"

பிக்கு அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன். பெண்கள் எல்லாரும் அழுதார்கள், அழுததில் அது உண்மையாகிவிட்டது. மறுநாளே அபேரத்னவுக்கு ஆள் அனுப்பிக் கலியாணத்தை நிறுத்திவிட்டாள். பகலில் சாப்பிடுவதை விட்டாள். மகளைக் கிணற்றடிக்குக்கூடத் தனியாக விடவில்லை. பூட்டிய வீட்டிலிருந்து வந்தவளைத் தாய் பாசத்தால் இன்னொரு வீட்டில் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் முத்துபண்டா என் வாங்கில் வந்து உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"மல்லி, அந்தக் காசை நான்தான் வித்தேன்."

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கிளாரன்ஸ் சொன்னான், ராணி பேர் போட்டது ஆம்பிடுறது கஷ்டமாம். பதிலுக்கு இதைக் கட்டுங்க, ரெண்டும் ஒரே மாதிரித்தானே, தெய்வத்துக்கு என்ன வித்தியாசம் என்டான். ரெண்டையும் வச்சுப் பாத்தேன். எனக்கும் ஒண்டுபோலத்தான் இருந்திச்சு. எழுத்து எனக்கெங்க தெரியும்? அந்தப் பிள்ளை வராம இருந்த ஒவ்வொரு நாளும் நான்தான் அவளை அங்க பிடிச்சு வச்சிருக்கேன் என்டு நெனச்சேன். வந்திட்டா, தப்பிச்சேன் என்டு நெனச்சேன். இப்ப பாரு."

"குடைக்கா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தலையில் கேத்தலைக் கவிழ்த்திருப்பேன். உண்மையைச் சொன்னால், கோபத்தோடு சேர்ந்து கொஞ்சம் சந்தோசமும் வந்தது. இந்த மனிதருக்கும் ஒரு அழுக்கு இருக்கிறது! அந்தச் சந்தோசம் அவர் முகத்தைப் பார்த்ததும் செத்துப்போயிற்று. "என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? எழும்புங்க, அவட்டச் சொல்லுங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஹீன் மெனிக்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பியசீலி கதவோரம் நின்றாள். அவள் உட்காரச் சொல்லியும் முத்துபண்டா உட்காராமல், நின்றபடியே சொன்னார்.

"அக்கே, உங்க காசை நான் கண்டிக்காரனுக்கு வித்திட்டேன். அவன் தந்ததைத்தான் முடிச்சுல வச்சேன். தாய் ஒண்டும் மாத்தல, நான்தான் மாத்தினேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயா இப்படிச் சொல்லச் சொல்லிக் கூட்டிட்டு வந்தது?" என்றாள்.

"நான் ஏன் அக்கே? அவர்தான்..."

"யாரு, இவரா? போத்தல்ல ஒரு சொட்டு எண்ணெய் மிஞ்சினாத் திருப்பித் தாற மனுசன் என்ட காசை விப்பாரா?" அவள் முத்துபண்டா பக்கம் திரும்பினாள். "என்ட பிள்ளைக்குக் கலியாணம் நடக்கணும் என்டு தெய்வத்துட பழியை இழுத்து உங்க தலையில போடுறீங்க கப்புமாத்தயா. எங்களுக்காகப் பொய்யும் சொல்ல வந்திட்டீங்க. அந்தப் பாவம் எந்தப் பிறவியில தீரும்? ஐயோ, இதுவும் என்னாலதானே!"

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். அவருடைய பொய்க்கும் சேர்த்து விரதமாம்.

காசையே கொண்டுவந்து காட்டினால்தான் நம்புவாள் என்று முடிவு கட்டி, நானும் அவரும் கண்டிக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் ஒரு துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கிளாரன்ஸ் கடையில் அது கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது. பெயரை ஒரு அட்டையில் அழகாக எழுதி வைத்திருந்தான். விளிம்பில் மண்வெட்டி வெட்டு தெரிந்தது.

"விலை ஏறிப்போச்சு கப்புராளை. வெள்ளைக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான்" என்றான் கிளாரன்ஸ்.

முத்துபண்டா பேரம் பேசவில்லை. பையிலிருந்து தகப்பன் காலத்துப் பித்தளை வெற்றிலைத் தட்டை எடுத்து மேசையில் வைத்தார். சரியாகச் சொன்னால் அவர் தகப்பனுக்கும் தகப்பன் காலத்தது. கிளாரன்ஸ் அதைத் தூக்கிப் பார்த்து, அடியில் சுரண்டிப் பார்த்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.

ஹீன் மெனிக்கேயின் உள்ளங்கையில் காசை வைத்தபோது அவள் பெருவிரல் தானாக விளிம்புக்குப் போனது. வெட்டைத் தொட்டதும் அலறினாள்.

"என்ட காசு! பிள்ளே, ஓடி வா, என்ட காசு!"

"அதைத்தானே அக்கே சொன்னேன்" என்றார் முத்துபண்டா. "நான் வித்தது. இப்ப கண்டிக்குப் போய் மீட்டுக்கொண்டு வாறேன்."

"கண்டியிலயா இருந்திச்சு?" அவள் கண் விரிந்தது. "நாகமரத்துல கட்டினது கண்டிக்கு எப்பிடிப் போகும்? தாய்தான் கொண்டுபோயிருக்கா. எங்க இருக்கு என்டு உங்களுக்குத்தான் காட்டியிருக்கா. வேற யாருக்குக் காட்டுவா?"

நான் குறுக்கே விழுந்தேன். "அக்கே, நானும் கூடப் போனேன். கடையில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள..."

"நீ சும்மா இரு. தேத்தண்ணியில சீனியைக் களவெடுக்கிறவன் சாமி காரியத்துல வாய் வைக்காத."

அதோடு என் சாட்சி முடிந்தது. அவள் எழுந்து வந்து, அவரைவிடப் பத்து வயது மூத்தவள், குந்தியிருந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். "வேணாம் அக்கே, நான் களவன்" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பெருமை வேண்டாதவங்க இப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று மகளிடம் சொன்னாள். ராணி திரும்பி வந்துவிட்டாள், தாய் மனமிறங்கிவிட்டாள், நாளைக்கே அபேரத்னவுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று அடுப்படிக்கு ஓடினாள். அத்தனை நாளுக்குப் பிறகு பகலில் அடுப்பு எரிந்தது.

பியசீலி எங்களைப் படலை வரை கொண்டுவந்து விட்டாள். நான் இரண்டடி பின்னால் வந்தேன். படலையைத் திறக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவுக்கு வித்தீங்க?"

முத்துபண்டா நின்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கடைசியில் ஒருத்தி நம்பிவிட்டாள்.

"முன்னூறு ரூபாய் நங்கி" என்றார், சொந்தத் தங்கைக்குச் சொல்வது போல.

அவள் தலையை ஆட்டினாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.

"அந்த வீட்டுல பூட்டிக் கிடந்தப்போ, அம்மா எனக்கு முடிச்சு கட்டியிருப்பா, கப்புமாத்தயா பாத்துக்குவார் என்டு சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொள்ளுவேன்" என்றாள்.

முத்துபண்டா படலையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்க அம்மாட்டத் திரும்பவும் சொல்லுவேன் நங்கி. அவ நம்புற வரைக்கும் சொல்லுவேன். இதைத் தூக்கிட்டுத் திரிய எனக்கு ஏலாது."

"சொல்லக்கூடாது."

"நங்கி..."

"அம்மா இப்பத்தான் அடுப்பு மூட்டுறா. நீங்க களவன் என்டு அவ நம்பினா அவளுக்கு என்ன மிஞ்சும்? இனி யாருக்கிட்டப் போய் நேர்த்தி வைப்பா? உங்க பாரத்தை இறக்கி வைக்க எங்க அம்மாட தலைதானா கிடைச்சுது? நீங்களே வச்சிருங்க." என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களும்தான் அய்யே."

படலையைத் திறந்துவிட்டாள். நாங்கள் வெளியே வந்தோம்.

கலியாணம் நல்லபடி நடந்தது. தாய் மனமிறங்கிய கதையைக் கேட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எனக்கு வியாபாரம் பரவாயில்லை. முத்துபண்டா இரண்டு தரம் தேவாலயத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். ஊர் விடவில்லை, நீங்கள் இல்லாமல் தாய் யாரோடு பேசுவாள் என்று கேட்டார்கள். இன்றும் அவர்தான் மன்றாடுகிறார். குரல் அதேதான், லொறிக்காரர்கள் இன்றும் வேகத்தைக் குறைக்கிறார்கள். மன்றாடி முடித்ததும் வியர்த்துப்போய் என் வாங்கில் வந்து உட்காருவார். நான் சீனி கொஞ்சம் கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன்.

ஒவ்வொரு புதுவருசத்துக்கும் ஹீன் மெனிக்கே வெற்றிலைக் கட்டோடு முதலில் வருவது அவர் வீட்டுக்குத்தான். முழங்கால் வலியோடு குந்தி, வெற்றிலையைக் கொடுத்து, அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவாள். பியசீலி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் காலை இழுக்கமாட்டார். குனிந்து, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி, கிழவியின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லுவார்.